கை மாறிய முட்டை

இன்று மௌலா அலி போகும் பஸ்ஸில், என் தம்பி செல்வினோடு படிக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் ரமேஷைப் பார்த்தேன்.

என் மடியிலிருந்த குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "அக்கா, டெய்லி உங்க வீட்டு முட்டை சூப்பர்" என்றான்.

அவனுக்கு நான் முட்டை கொடுத்ததே இல்லை.

அந்த முட்டை, ஷிப்டு நாட்களில் ஃபாக்டரி கேண்டீன் என் கணவருக்கு அவித்துத் தருவது. குழந்தைக்குப் பால் கொடுப்பவள் சாப்பிடட்டும் என்று அவர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவருகிறார். தம்பிக்கு ரத்தம் போதவில்லை என்று டாக்டர் சொன்னதால், அவருக்குத் தெரியாமல் நான் அதைக் காலேஜுக்குக் கட்டிக்கொடுக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்தேன். "உனக்குன்னு குடுத்தா நீயே சாப்பிட வேண்டியதுதானடா?"

"நக்கோக்கா, வேணாம். முட்டை வயித்துல நிக்காது. அதுக்கு பதிலா ரமேஷ் ரெண்டு சப்பாத்தி தர்றான். சாயங்காலம் வரைக்கும் தாங்குது."

திட்ட வாயெடுத்தேன். அவன் உதடு வெளுத்திருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் அவர் முட்டையோடு வருவார். "நேத்து குடுத்ததைச் சாப்பிட்டியா?" என்பார். ஆமாம் என்பேன்.

சத்தும் சேர்ந்து வயிறும் நிறைகிற மலிவான பண்டம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். இப்போதைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ரமேஷ் மட்டும் நன்றாக வளர்கிறான்.