தாழிக்குள் கிடந்த தானியம்

போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு பொய் எழுதிவிட்டேன். தெரிந்து எழுதியதல்ல... ஆனாலும் பொய் பொய்தானே?

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மேட்டைத் தோண்டுகிறார்களே, அங்கே பழங்காலத்துத் தாழி ஒன்று கிடைத்தது. ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "உள்ள முத்து இருந்துச்சா?" முத்து இல்லை. அடியில் ஒரு பிடி கருகிய தானியம்தான். மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் ஆபீசர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அரிசி நொய்யாக இருக்கலாம்" என்றார்.

நான் தாமிரபரணிக் கரைக்காரன். நெல்லுச்சோற்றுக் கர்வம் சும்மா விடுமா? அந்த 'இருக்கலாம்' என்பதை விழுங்கிவிட்டு, நம் முன்னோர் சாப்பிட்டது அரிசிச்சோறுதான் என்று அடித்து எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். ஆபீசர் ரிப்போர்ட்டை முடித்துக்கொண்டிருந்தார். சாயங்கால ரயிலில் அது மெட்ராஸ் போக வேண்டும். மண் சலிக்கும் பேச்சியம்மாள் மேஜை பக்கம் வந்து நின்றாள்.

"அய்யா, அது அரிசி இல்ல. சாமை."

"ஏளா, போயி சல்லடையப் பிடி. இதெல்லாம் படிச்சவுக சோலி," என்றார் மேஸ்திரி.

அவள் நகரவில்லை. "நொய்யின்னா ஒடஞ்ச பக்கம் தெரியும்லா? இது ஒண்ணொண்ணும் முழுசா உருண்டு கெடக்கு. தெனம் நான் பொடைக்கிததுதான அய்யா."

சொன்னதோடு விடவில்லை. மடியிலிருந்து இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒன்றில் வீட்டுச் சாமை, இன்னொன்றில் ரேஷன் கடை நொய். உடைந்த ஓட்டில் மணலைச் சுட வைத்து, இரண்டையும் தனித்தனியே கரியாகும்வரை வறுத்தாள். தாழித் தானியத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தாள்.

ஆபீசர் லென்ஸோடு குனிந்தார். நிமிரவே இல்லை... நொய்யாகவே இருந்துவிடட்டும் சாமி என்று நான் வேண்டிக்கொண்டேன். அச்சில் போன என் மானமாயிற்றே.

"இந்த அம்மா சொல்றதுதான் சரி," என்றார்.

'அரிசி'யை அடித்துவிட்டு 'சாமை' என்று எழுதினார். கண்டு சொன்னவர் என்று கீழே அவள் பெயரையும் எழுதினார். அவ்வளவு படித்த மனிதர் தன் கையாலேயே அடித்துத் திருத்தியது எனக்குப் பிடித்தது. ஆனால், சுளகில் புடைத்துப் பழகிய பேச்சியம்மாளின் கைகளைப் பார்த்தபோதுதான் பெருமை தாங்கவில்லை. என் மானம் போனதே மறந்துவிட்டது.

பேச்சியம்மாள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஊரையும் போட்டுக்கிடுங்க அய்யா. சாத்தான்குளம்."

போன வாரமும் பெருமையாகத்தான் எழுதினேன் — இந்த வாரம் அது உண்மையாகவும் இருக்கிறது.