மதுரையில் எந்திரிக்காமல் ஒரு சாப்பாடு

எங்கள் ஐந்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். சேலை, கொலுசு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "ஓட்டல்ல உக்காந்து, எந்திரிக்காம, சூடா ஒரு வேளை சாப்பிடணும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூத்தவன் கவினுக்கு நான்கு வயது, சின்னவள் யாழினிக்கு ஒன்றரை. கவின் பிறந்ததிலிருந்து நான் வெளியில் சாப்பிட்டதெல்லாம் ஆறியது, பாதியில் விட்டது, இல்லையென்றால் அவர் பிள்ளையோடு வாசலில் காத்து நிற்க அவசரமாக விழுங்கியது. "இந்தத் தடவை ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அதை நம்பி போன ஞாயிற்றுக்கிழமை மேலூரிலிருந்து கிளம்பினோம்.

காலை பதினொன்றரைக்கு பஸ் ஏறினோம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை முப்பது கிலோமீட்டருக்குள்தான், முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்து வயதுக்குள் அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, ஆகவே பிள்ளைகள் இருவரும் இலவசம். அந்தச் சலுகைக்கு நன்றியாக, யாழினி கண்டக்டரின் விசிலைப் பிடுங்கப் பார்த்தாள்.

மாட்டுத்தாவணியில் ஆட்டோக்காரரிடம், பிள்ளைகளோடு சாப்பிடத் தோதான கடை எது என்று கேட்டேன்.

"ஏசி வேணுமா, கை கழுவுற இடம் கிட்டக்க இருக்கணுமாக்கா? ரெண்டும் ஒரே கடையில அமையாது" என்றார்.

"ருசி வேணும்ணே" என்றேன்.

"அப்ப ரெண்டையும் மறந்துட்டு ஏறுங்க."

சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸில் இறக்கிவிட்டு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மணி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மதுரை மெஸ்ஸுக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்று இடம் பிடித்தோம். குழந்தை நாற்காலியெல்லாம் இல்லை. யாழினி அப்பா மடியில், கவின் என் பக்கத்தில். சாப்பாடு நூற்றிருபது ரூபாய், அயிரை மீன் குழம்பு தனியாக இருநூற்றைம்பது. அதை ஆர்டர் செய்தபோது வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

குழம்பு ஆவி பறக்க வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள், முள்ளோடு அப்படியே சாப்பிடலாம். நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். யாழினி அப்பாவின் இலையில் கையை விட்டு, குழம்புக் கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டாள். அலறல். அவர் எந்திரிப்பதற்குள் நான் எந்திரித்துவிட்டேன். பழக்கம். அவளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு ஓடினேன். ஆட்டோக்காரர் எச்சரித்த அதே தூரம்.

கண்ணைக் கழுவி, அழுகையை அடக்கித் திரும்பி வந்தால் என் இலையைக் காணவில்லை. மேசையில் என் இடம் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"எங்க என் இலை?"

வீட்டுக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். மீன் குழம்பு முன்னால் இருந்தால் கூரை பறந்தாலும் அவருக்குத் தெரியாது. பதில் கவினிடமிருந்து வந்தது. "அம்மா, ஒன்னோடதையும் நானே மடிச்சிட்டேன்!"

சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும் என்று முந்தின வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தயிர்ச்சோற்றை முடித்து அவன் இலையை மடித்ததும் சப்ளையர் "சமத்து" என்று பாராட்டியிருக்கிறார். அந்த உற்சாகத்தில் என் இலையும் மடிந்துவிட்டது. மடித்த இலையைத் துப்புரவுக்காரர் எடுக்காமல் என்ன செய்வார்?

"முடிச்சிட்டீகன்னு நெனச்சு எடுத்துட்டாக யக்கா. வேற இலை போடவா? அயிரை மட்டும் தீந்துருச்சு" என்றார் சப்ளையர்.

வேண்டாம் என்றேன். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே. ஒரு மீன் குழம்புக்காக முப்பது வயதில் ஓட்டலில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். கவின் பாராட்டுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெரி குட்" என்றேன். வீட்டுக்காரரிடம் மூன்று மணி நேரம் பேசவில்லை.

அந்த மூன்று மணி நேரமும் ஒரு பூங்காவில் கழிந்தது. பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறி இறங்கினார்கள். மண் ஒட்டிய உடைகளோடு ஆறரை மணிக்கு மாட்டுத்தாவணி திரும்பினோம். ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடையைப் பார்த்ததும், "இங்கே சாப்பிடு" என்றார் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு முதலில் அவரே ஊட்டினார். பிறகு யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு, மாஸ்டர் மாவு வீசுவதைக் காட்டப் போனார்.

எனக்கு இலை போட்டு, கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவைப் பிய்த்து, மேலே சால்னா ஊற்றினார்கள். விரல் சுட்டது. கவின் பக்கத்தில் உட்கார்ந்து என் இலையின் ஓரத்தில் கையை வைத்திருந்தான்.

"முடிச்சிட்டியா?"

"இல்லடா."

"இப்ப?"

"இல்ல."

வாசலில் யாழினி அழும் சத்தம் கேட்டது. என் கால்கள் தாமாக எழுந்தன. பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது. அதுவரை எனக்கு இது தெரியாது, நான் போகாவிட்டாலும் அது நிற்கும்.

ஏழு மணிக்கு வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். "பஸ்ஸு கெளம்பப் போகுது."

"கெளம்பட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டேன். அதையும் முடித்துவிட்டு, கவினின் கையை மெதுவாக நகர்த்தி, என் இலையை நானே மடித்தேன்.

குழந்தைகளோடு மதுரைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பன்னிரண்டரைக்கு முன்பே போய்விடுங்கள். குழாய்க்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குங்கள். பரோட்டாவைப் பிய்த்துப்போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், முழு வட்டம்தான் வேண்டும் என்று அழுகிற பிள்ளைகள் உண்டு. இலை மடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது யாருடைய இலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்புவதற்கு இந்த பஸ்தான் என்று மட்டும் முடிவுகட்டி வைக்காதீர்கள். மேலூருக்கு பஸ் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கிறது. எனக்குச் சூடான பரோட்டா வர நான்கு வருடம் ஆனது.