நம்பரோடு விற்ற கம்பெனி

கம்பெனி தொடங்கும்போதே அதிலிருந்து வெளியேறும் வழியையும் யோசித்து வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே விவாகரத்துக்குச் சட்டத்தரணி பார்க்கச் சொல்கிறார்களே என்று பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் முணுமுணுத்தேன்.

கூட்டாளி உக்குவளைக்காரர், என்னைவிட இளையவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். மிளகு, கராம்பு விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கும் செயலியை அவர்தான் செய்தார். அழகான செயலி. பல்லேகமவிலிருந்து பலாபத்வல வரைக்கும் ஒருவரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் என் போனுக்குத்தான் அடித்தார்கள். சோற்றில் கை வைத்தால் அடிக்கும். மகளின் பள்ளிக்கூட நாடகத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்து கராம்பு விலை சொல்லியிருக்கிறேன். கடைசியில் மண்டை காய்ந்துபோய், "போதும், வித்துருவோம்" என்றேன். எப்படியாவது இதிலிருந்து வெளியே வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

வாங்க வந்த கொழும்புக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்க இல்லாம இது ஓடுமா?"

நான் வாயைத் திறக்குமுன் கூட்டாளி போட்டு உடைத்துவிட்டார். "ஓடாதுங்க. எல்லாருக்கும் அக்காட நம்பர் மட்டுந்தான் தெரியும்."

முறைத்தேன். ஆனால் உண்மை அதுதான். கொழும்புக்காரர் கோபப்படவில்லை. "அப்ப அந்த நம்பரையும் சேத்துக் குடுங்க. நீங்க இல்லாம ஓடுதான்னு பாத்துட்டு வாங்குறேன்" என்றார்.

அப்படித்தான் என்னை நானே வேண்டாதவளாக்கும் வேலை தொடங்கியது. போனை அலுவலகத்தில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். கூட்டாளிதான் எடுத்துப் பேசினார். முதலில் "அக்கா எங்க?" என்று கேட்டார்களாம். பிறகு விலையை மட்டும் கேட்டார்களாம். "இப்ப ஒருத்தருமே ஒங்களத் தேடுறதில்ல அக்கா" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. திட்டமே அதுதான், இருந்தாலும் அழுகை வந்தது.

விற்பனை முடிந்தது. கையெழுத்துப் போட்டு, சிம்மையும் கொடுத்துவிட்டுப் புது நம்பர் வாங்கினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக் கணக்கைப் போனில் திறந்தேன். ஓ.டி.பி. கேட்டது. அது பழைய நம்பருக்குப் போய்விட்டது. இத்தனை யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

என் நம்பருக்கு நானே அடித்தேன். அவர்கள் புதிதாக வேலைக்கு வைத்திருந்த பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க, மிளகு விக்கவா, கராம்பு விக்கவா?"

"ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்மா, அதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அது என்னோட நம்பர்தான்."

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க. யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு முந்தி இங்க இருந்த அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

சொன்னது வாஸ்தவம். பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"அந்த அக்கா நாந்தாம்மா" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அவங்க இப்ப இங்க இல்லங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.