எந்த இனிப்பு நீர் என்று கேட்காத மிஸ்ஸி

நீரிழிவை இனிப்பு நீர் என்போம், நர்ஸை மிஸ்ஸி என்போம். அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் அறை மிஸ்ஸியின் வேலை பாதி மருத்துவம், பாதி போலீஸ் விசாரணை. எங்கள் ஊர் பெம்பானில் பதினோரு வருடமாக நான் இரண்டையும் செய்கிறேன். வரும்போதெல்லாம் என்னிடம் திட்டு வாங்கும் இனிப்பு நீர்க்காரர்களே, இதை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். இந்த முறை திட்டு எனக்குத்தான்.

விசாரணை

தனபாலனுக்கு முப்பத்தாறு வயது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். போன வருடம் வேலையிடத்துச் சோதனையில் இனிப்பு நீர் என்று தெரிந்தது. வளர்ந்த ஆளுக்கு வந்தால் இரண்டாம் வகைதான் என்று நாங்களும் மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மாத்திரையைக் கூட்டக் கூட்ட, சீனி அளவும் கூடிக்கொண்டே போனது.

இந்த அறையில் உண்மை பேசுகிறவர்கள் குறைவு. ரத்தம் எடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் நல்ல பிள்ளையாக இருப்பவர்கள்தான் அதிகம். அதனால் இனிப்பான தே தாரிக் டீ எத்தனை, ரொட்டி சானாய் எத்தனை என்று அவரைக் குடைந்தேன். அவர் மனைவி கஸ்தூரியும் என் கட்சி. கணவரின் சாப்பாட்டுப் பையில் பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று தினமும் உதறிப் பார்ப்பாராம். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் சொன்னார்:

"கோப்பி ஓ கொசோங்தான் மிஸ்ஸி, ஒரு கரண்டி சீனிகூட கிடையாது. இன்னும் என்னத்த விடச் சொல்றீங்க?"

விரதத்தின் பலன்

தைப்பூசக் காவடிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். சைவம், அதுவும் ஒரு வேளைதான். அடுத்த முறை வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஏழு கிலோ குறைந்திருந்தார். கோயிலில் எல்லாரும் முருகன் அருள் என்றார்களாம். நானும் வெட்கமில்லாமல் பாராட்டினேன். "இப்படியே இருங்க, சீனி தானா இறங்கிடும்" என்று எடையை எழுதினேன். நானும் காவடிக்காரர்கள் வீட்டில் வளர்ந்தவள். விரதம் இருந்தால் இளைக்கும், அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை.

"விரதம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு மிஸ்ஸி. கோழிக்கறியும் சோறுமா நல்லாத்தான் சாப்பிடுறாரு. இன்னும் இளைச்சிக்கிட்டே போறாருலா."

டாக்டர் கேட்டது

விரதம் முடிந்தும் எடை குறைவது நல்லதல்ல என்று அப்போதுதான் உறைத்தது. இருவரையும் நேராக டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். அவர் புதிதாக மாற்றலாகி வந்த பெண் டாக்டர். நான் ஒரு வருடமாகக் கேட்காததையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கேட்டார். தாகம் அதிகமா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா? தனபாலனின் அம்மாவுக்கு உண்டு. சிறுநீரைச் சோதித்தால் கீட்டோன் இருந்தது. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கிறது என்று அர்த்தம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

வளர்ந்தவர்களுக்கும் மெதுவாக முதலாம் வகை வரலாம், உடம்பே தன் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும், தைராய்டு உள்ள குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். ஒல்லி, பருமன் என்று கண்ணால் பார்த்து வகை பிரிக்க முடியாது, அதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், ஆனால் இன்சுலின் ஊசி இன்றே தொடங்க வேண்டும் என்றார். தனபாலன் எழுந்துவிட்டார். ஊசி வந்தால் அடுத்து காலை வெட்டி எடுப்பார்கள் என்பது நம் ஆட்களின் பழைய பயம். கதவுப் பிடியில் கை வைத்தவரிடம் டாக்டர் சொன்னார்:

"உங்களுக்கு ஊசி கடைசி மருந்து இல்லை, அதுதான் முதல் மருந்து. இது நீங்கள் தின்று வரவழைத்துக்கொண்டதும் இல்லை."

பெஞ்சில் பரவிய செய்தி

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை மறுபடி உட்கார வைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

தின்றதால் வராத இனிப்பு நீர் ஒன்று உண்டு என்ற செய்தி, அடுத்த வாரத்துக்குள் எங்கள் காத்திருப்பு பெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது. சுங்கை ரம்பாயிலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியிருக்கும் பெருமாள் அங்கிள், கையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"எனக்கும் அந்த ஒண்ணாம் வகைதான் மிஸ்ஸி. ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்க, எம்பொண்ணுகிட்ட காட்டணும்."

முடிவு வந்த நாள்

சில வாரம் கழித்து முடிவு வந்தது. முதலாம் வகையேதான். அதற்குள் கீட்டோன் போய், சீனி இறங்கி, தனபாலன் மூன்று கிலோ ஏறியிருந்தார். தானே ஊசி போடக் கற்றுக்கொண்டு, வேலைக்கும் திரும்பிவிட்டார். அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் கஸ்தூரி என் மேசையருகே வந்து நின்றார்.

"ஒரு வருஷமா கட்டின புருஷனத் திருடன் மாதிரி பாத்துட்டேன் மிஸ்ஸி. நேத்துதான் மன்னிப்பு கேட்டேன், 'மொதல்ல சாப்பிடு'ன்னாரு."

இப்போதெல்லாம் யாராவது "நான் ஒண்ணுமே சாப்பிடல மிஸ்ஸி" என்றால், முதலில் நம்புகிறேன், பெருமாள் அங்கிள் ஒருவரைத் தவிர.