ஒட்டுப்பால் குழு வாசித்த திருவிழா

அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் நாலே பேர். பாட்டுக்கும் முதல் கிட்டாருக்கும் ஜெயசீலன். ட்ரம் செட்டில் முருகேசு. பேஸ் கிட்டாரோடு சமிந்த. இரண்டாவது கிட்டாரையும் எல்லா வயர்களையும் பற்றிய கவலையையும் சுமந்துகொண்டு நான். மேடைக்குக் கீழே குடையோடு கோயில் கமிட்டித் தலைவர். மேட்டில், கோயில் வாசலில், மாரியம்மனைத் தோளில் தூக்கியபடி எட்டுப் பேர். மற்றதெல்லாம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஜனம். வர வேண்டியவர்களில் வராமல் போனவர்கள் மூன்று பேர்: முருகேசின் அப்பாவும், அவரோடு சேர்ந்து தப்படிக்கிற இரண்டு பேரும்.

போன வாரம் ஒரு பையனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இப்போது இருப்பது தெஹியோவிட்ட டவுனில், சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற கடையில். பையன் ஸ்பீக்கர் பெட்டி எடுக்க வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஒட்டுப்பால் ஏற்றிய லொறி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. பால் வெட்டிய மரத்தின் காயத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். அது குவிந்து கிடந்தால் அடிக்கிற நாற்றம் இருக்கிறதே, செத்த எலியை மோரில் ஊறப்போட்ட மாதிரி இருக்கும். பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கோ அந்த வாடை வந்ததும் விரல் நுனி தானாக கிட்டார் கம்பியைத் தேடியது.

"என்ன மாதிரி பாட்டு தம்பி பாடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒல்டர்நேட்டிவ் ரொக் அண்ணே. படப்பாட்டு பாட மாட்டோம். சொந்தப் பாட்டு. கிட்டார் சத்தம் கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி வரும்."

"நாங்களும் அதத்தான் செஞ்சோம்."

"யாரு? நீங்களா?" அவன் என் வழுக்கையைப் பார்த்தான். பிறகு, ஒவ்வொரு பிளக்கையும் மூன்று தடவை சரிபார்க்கிற என் கையைப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று அவன் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது.

எங்கள் குழுவின் பெயரே ஒட்டுப்பால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த ஒட்டுப்பால் அறையில்தான் பழகுவோம். நாற்றத்துக்குப் பயந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பெயர் வைத்தவன் சமிந்த. பக்கத்துக் கிராமத்துப் பையன். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்பதால் இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்றான். ஜெயசீலன் மாதா கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் பழகியவன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டிக்கொண்டிருந்தவன். கிட்டாரில் எனக்கு விரல் வைக்கத் தெரிந்தது ஐந்தே கோட். ஆறாவது வருகிற பாட்டை ஜெயசீலன் எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தான்.

மாதா கோயில் பெருநாளில் வாசித்தோம். சாமியார் காதைப் பொத்திக்கொண்டு ஆசீர்வதித்தார். சமிந்தவின் கிராமத்தில் சித்திரை விளையாட்டுப் போட்டிக்கு வாசித்தோம். பைலா ஆட்டப்பாட்டு கேட்டுக் கத்தினார்கள். எங்கே போனாலும் துண்டுக் காகிதம் வரும். இன்னார் இன்னாருக்காக இந்தப் படப்பாட்டை விரும்பிக் கேட்கிறார் என்று எழுதியிருக்கும். ஜெயசீலன் அதை மைக்கில் மரியாதையாக வாசித்துவிட்டு, எங்கள் சொந்தப் பாட்டை, மழையில் பஸ் வராத பாட்டை, எடுத்துவிடுவான். ஜனங்களுக்கு அது புரிந்ததா தெரியாது. பஸ் வராதது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

என் கவலை எல்லாம் கரண்ட். எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும்; பின்னேரம் வருவேன் என்று சொன்னால் வந்துவிடும். ஈர மேடையில் இரும்பு மைக்கில் உதடு படும்போதெல்லாம் ஜெயசீலன் செத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றும். ரப்பர் செருப்பு போடாமல் மேடை ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். தலைமுடி வளர்த்து, கறுப்புச் சட்டை போட்டு, காலில் குளியலறைச் செருப்போடு நின்ற ரொக் குழு உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். பால் மரத்துக்கு மழை மறைப்பாகக் கட்டுகிற பொலித்தீனைக் கேட்டு வாங்கி அம்ப்ளிஃபயருக்குப் போர்த்துவேன். "ஒனக்கு வாசிக்க வரலன்னாலும் பரவாயில்ல, மழைக்கு மறைப்புக் கட்டத் தெரியுது," என்பான் முருகேசு.

முருகேசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அப்பாதான் எங்கள் தோட்டத்தில் தப்படிப்பவர். சாவு, சடங்கு, திருவிழா எதுவானாலும் அவர் இல்லாமல் ஆகாது. ஆனால் சாப்பாடு மட்டும் அவருக்குப் பின்வாசலில்தான் கொடுப்பார்கள். முருகேசு தப்பைத் தொட்டதே கிடையாது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து, பழைய ட்ரம் செட் ஒன்றை வாங்கி வந்தான். "இதுல ஒக்காந்து அடிச்சா ட்ரம்மர். அத நின்னு அடிச்சா தப்புக்காரன்," என்று ஒரு நாள் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை.

லயம் என்றால் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; அவர்கள் குடும்பம் இருந்தது கீழ் லயத்தில், விளையாட்டு மைதானத்தை ஒட்டி. சாமி ஊர்வலம் கோயிலிலிருந்து பங்களாப் பாதை, கிளாக்கர் வீடுகள், மேல் லயங்கள் என்று போகும். கீழ் லயத்துக்கு மட்டும் இறங்காது. கீழ் லயத்துப் பெண்கள் படியேறி முச்சந்தியில் தட்டோடு நிற்பார்கள். ஏன் என்று நான் சின்ன வயதில் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற எனக்கு அது மட்டும் கவலையாகத் தோன்றாதது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. முருகேசின் அம்மா பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, முதல் ஆளாகப் போய் நிற்பார். கணவர் சாமிக்கு முன்னால் அடித்துக்கொண்டு வருவார். மனைவி முச்சந்தியில் காத்துக்கொண்டு இருப்பார்.

அந்த வருடத் திருவிழாவில் மைதானத்தில் எங்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பக்திப் பாட்டு முதலில் பாடிவிட வேண்டும் என்பது தலைவரின் நிபந்தனை. முருகேசின் அப்பா முதல் நாள் தெரணியகலைப் பக்கம் ஒரு சாவுக்கு அடிக்கப் போயிருந்தார். காலையில் வந்துவிடுவோம் என்றவர், வழியில் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று போனில் சொன்னார். பிறகு இதோ நடந்து வருகிறோம் என்றார். அதை நம்பி, நல்ல நேரம் போகிறதென்று, எட்டுப் பேரும் சாமியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போனது. தூக்கிய சாமியை அடி இல்லாமல் நகர்த்தவும் கூடாது, சுற்றி வராமல் கீழே இறக்கவும் கூடாது. மறுபடியும் போன் வந்தது: இரண்டாவது இடத்திலும் மண் சரிந்துவிட்டது, இன்றைக்கு வர வழியில்லை. மழை தூற ஆரம்பித்தது.

தலைவர் குடையோடு எங்கள் மேடைக்கு ஓடிவந்தார்.

"டேய், நீ அவன் மவன்தானே? எறங்குடா. தப்ப எடுத்துக்கிட்டு மேல வா."

"தப்பு அப்பாகிட்ட இருக்கு," என்றான் முருகேசு. எழுந்திருக்கவில்லை.

"அப்ப இதுல ஒன்ன கழட்டி கழுத்துல மாட்டு."

முருகேசு எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. கழுத்தில் மாட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் நடந்துவிட்டால், அவன் அந்த செட் வாங்கப் பட்ட பாடெல்லாம் அன்றைக்கே வீணாகிவிடும். நாளைக்கே யாராவது சாவுக்குக் கூப்பிடுவார்கள்.

"கழட்ட முடியாது தலைவரே," என்றான் ஜெயசீலன். பெருநாளுக்குப் பெருநாள் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன், கண் சிமிட்டாமல் பொய் சொன்னான். "இது கரண்ட்ல ஓடுற ட்ரம்."

"ஆமா மாமே, கரண்ட் நெத்தங் வேலை செய்யாது," என்றான் சமிந்த. 'இல்லாட்டி' என்பதற்கு அவன் வாயில் எப்போதும் சிங்களம்தான் வரும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். வயர் விஷயத்தில் என் பேச்சுக்குத்தான் மதிப்பு. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம் அது.

"அப்ப ஆத்தா கெளம்ப வேணாமா?"

"ஆத்தா இங்க எறங்கி வரட்டும்," என்றான் முருகேசு. "கீழ் லயத்து வழியா. நாங்க இங்கேருந்து அடிக்கிறோம்."

கூட்டத்தில் யாரோ, "அந்தப் பக்கம் சாமி போனதே இல்லயே," என்றார்கள். மேட்டிலிருந்து சாமி தூக்கியவர்களில் ஒருவன் கத்தினான்: "தலைவரே! தோளு கழண்டு போவுது! மேலயோ கீழயோ, எதையாச்சும் சொல்லித் தொலைங்க!"

தலைவர் குடையை மடக்கினார். மழையில் நனைந்துகொண்டே, அவ்வளவு மெதுவாக, "தம்பி, அடிங்க," என்றார்.

டேய் என்று வந்தவர் அடிங்க என்றார். முருகேசு குச்சியை எடுத்தான். தொட்டதே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த அடி, அவன் கையில் பிறந்ததிலிருந்து இருந்தது போல வந்தது. சமிந்த அதன் அடியில் பேஸைப் போட்டான். ஜெயசீலன் கிட்டாரின் மிதிப்பெட்டியைக் காலால் அழுத்தி, கிழிந்த சத்தத்தைத் திறந்துவிட்டான். மேட்டில் சாமி ஒருமுறை ஆடி, திரும்பி, வழுக்குகிற படியில் இறங்கியது.

"சாமி வருது, செருப்பக் கழட்டுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். ஜெயசீலன்தான் முதலில் கழற்றினான். வெறுங்காலோடு ஈரப் பலகையில், மைக்குக்கு அரை அங்குலத்தில் வாய். எனக்கு உயிர் போய்விட்டது. கிட்டார் உறையை மடித்து அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, மாரியம்மனிடம் வேறு எதுவும் கேட்காமல் எர்த் வயரைப் பற்றி மட்டும் வேண்டிக்கொண்டேன்.

முருகேசின் அம்மா வழக்கம்போல முச்சந்தியில் நின்றிருந்தார். சாமி வேறு வழியில் இறங்குவதைப் பார்த்ததும் தட்டை ஏந்திக்கொண்டு, சாமியை முந்தி, படியில் ஓட்டமாக இறங்கி வந்தார். தேங்காய் ஒன்று உருண்டு தண்ணீர் ஓடும் கானில் விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. சாமி தன் வாசலுக்கு வரும்போது தான் வாசலில் இருக்க வேண்டும் என்று ஓடினார். இருந்தார். முருகேசு தலை நிமிரவே இல்லை. அடி மட்டும் அந்த வாசலில் கொஞ்சம் நின்று போனது.

அதன்பிறகு எங்கள் சொந்தப் பாட்டையெல்லாம் வாசித்தோம். படப்பாட்டு கேட்டு ஒரு துண்டும் வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது, அதில் "இன்னொருக்கா அதே அடி" என்று எழுதியிருந்தது.

ஒட்டுப்பால் அறை இப்போது இல்லை. ஸ்டோரை மூடி, தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெயசீலன் கட்டார் நாட்டில். சமிந்த அவிசாவளைப் பக்கம் கார்மென்ட்ஸில். முருகேசு கொழும்பில், செட்டை விற்றுவிட்டான், திருவிழாவுக்கும் வருவதில்லை. அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அடி பென்ட்ரைவில் இருக்கிறது. ஸ்பீக்கரை லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் ஏற்றி முன்னால் விட்டுவிட்டு, சாமி பின்னால் வரும். யாரும் யாரையும் டேய் என்று கூப்பிட வேண்டியதில்லை, அடிங்க என்று கேட்கவும் வேண்டியதில்லை. வயரைப் பார்த்துக்கொள்ள வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். லேண்ட்மாஸ்டர் படியில் இறங்காது என்பதால் ஊர்வலம் பழையபடி மேல் பாதையோடு போய்விடுகிறது.

இந்த வருடமும் முருகேசின் அம்மா முச்சந்தியில் தட்டோடு நின்றார்.

"மேலயேதானா தம்பி?"

"வண்டி எறங்காது பெரியம்மா. படி இருக்குல்ல."

கற்பூரம் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னிக்கும் படி இருந்துச்சு."