ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக். நிலையம் முழுவதற்கும் அவர் குரல்தான். ஓட்டுநர்கள் 'மைக்கம்மா' என்பார்கள். போன மாதம் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நான் எழுதுவது அதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது. காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் குறை சொன்னவர் டைம்கீப்பர். "அக்கா, மைக்குல ஏதோ கோளாறு. உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

எலக்ட்ரீஷியன் மைக்கை மாற்றினார். பிறகு வயரை. பிறகு ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கர்களைத் துடைத்தார். குரல் மேலும் இறங்கியது; தடித்தது, மெதுவானது. "மைக்கம்மா வண்டி நம்பரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டியே ஊர் போய்ச் சேர்ந்துடுது" என்று கண்டக்டர்கள் சிரித்தார்கள்.

நான் மின்னணுப் பொறியாளர். ஒரு விடுமுறை நாளில் கருவிகளுடன் போய் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தேன். உள்ளே போகும் அலை வடிவம் மாறாமல் பெரிதாகி வெளியே வந்தது. குறையே இல்லை. டைம்கீப்பரைப் பேசிப் பார்க்கச் சொன்னேன்.

"பயணிகள் கவனத்திற்கு! டீ கேட்டு ஒரு மணி நேரம் ஆகுது. கடைக்காரர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

கணீரென்று கேட்டது. நிலையமே சிரித்தது. அம்மா மட்டும் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கோளாறு மிஷின்ல இல்லடி. என்கிட்டதான்."

அதன்பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. வெயில் காலத்தில் ஸ்வெட்டர். காலையில் ஊதிய முகம். சீப்பில் கற்றையாக முடி. எந்நேரமும் அசதி. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தனித்தனிக் காரணம் இருந்தது: வயசு, தண்ணீர், எண்ணெய், டூட்டி. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் கனிவாகத்தான் சொன்னார். "தற்காலிகமா லக்கேஜ் ரூம்ல இருங்கம்மா. குரல் சரியாகலைன்னா அங்கேயே நிரந்தரமாப் போட்டுடலாம். பேசவே வேண்டியதில்ல."

அன்று அம்மா சாப்பிடவில்லை. "வாயை மூடிக்கிட்டு உக்கார எனக்குச் சம்பளமா? அதுக்கு ஒரு பூட்டை வாங்கித் தொங்கவிடலாமே!"

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தொண்டையைப் பார்த்தார், நாடி பார்த்தார், கழுத்தைத் தடவினார், தைராய்டு சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தது. டிஎஸ்எச் மிக அதிகம். டி4 குறைவு.

"அதிகம்னா தைராய்டு ஓவரா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார் அம்மா.

"இல்லம்மா, தலைகீழ். டிஎஸ்எச் தைராய்டுல சுரக்கிறது இல்ல. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. 'வேலை செய்'னு அது தைராய்டுக்கு அனுப்புற உத்தரவுதான் டிஎஸ்எச். தைராய்டு தர்ற பதில் டி4. பதில் குறையக் குறைய உத்தரவு ஏறும்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதாவது, நான் அனவுன்ஸ் பண்றேன், வண்டி கிளம்பல. கிளம்பலன்னு இன்னும் கத்துறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். உத்தரவு மட்டும் லேசா ஏறி டி4 சரியா இருந்தா, பல பேருக்கு உடனே மருந்து வேண்டாம், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். உங்களுக்கு ரெண்டுமே அளவு தப்பிப் போயிருக்கு. மாத்திரை வேணும்."

வெளியீட்டை அளந்து உள்ளீட்டைத் திருத்தும் சுற்றுகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அப்படி ஒன்று என் அம்மாவின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே, யாரும் வரைபடம் போடாமல், அவர் பிறந்த நாள் முதல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மருந்தின் அளவு மைக்ரோகிராமில் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஒரு தூள் உப்புத் துகளின் எடை. மீதி மாத்திரை முழுவதும் வெறும் மாவு. அந்தத் துகளை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அம்மா லக்கேஜ் அறைக்குப் போய் வந்தார்.

சில வாரங்கள் கழித்து அடுத்த பரிசோதனை. டிஎஸ்எச் எல்லைக்குள் வந்திருந்தது. நான் குதித்தேன். அம்மா அதே கரகரப்பில் சொன்னார்: "நம்பர் வந்துடுச்சுடி. நான் இன்னும் வரல."

டாக்டர் பொறுக்கச் சொன்னார். ரத்தம் முந்திக்கொள்ளும், உடம்பு பின்னால்தான் வரும் என்றார். முதலில் ஸ்வெட்டர் போனது. பிறகு முகத்தின் வீக்கம். குரல் மட்டும் அசையவில்லை. நான் நம்பிக்கையை விட்டிருந்தேன்.

ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து ஒரு அதட்டல். "ஏய், மோட்டாரை யாரு நிறுத்தினது? தலையில சோப்போட நிக்கிறேன்!"

நான் அசையாமல் நின்றேன். மேல் சுரத்தில் கூர்மையாக, அந்தப் பழைய குரல். ஒரு உப்புத் துகள் செய்த வேலை. மோட்டாரைப் போட மறந்து இன்னும் இரண்டு அதட்டல் வாங்கினேன்.

அன்றே நிலையத்துக்குப் போனோம். மேலாளர் வரும்வரை அம்மா காத்திருக்கவில்லை. நேராகக் கண்ணாடி அறைக்குள் நுழைந்து மைக்கை இழுத்தார். முதல் எண்ணைச் சொன்னதும் டீக்கடையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். "பார்த்தீங்களா, அந்தப் பயம் இருக்கணும்!" என்றார் டைம்கீப்பர், கண்ணைத் துடைத்தபடி.

சத்தம் கேட்டு மேலாளர் வந்து கதவைத் திறந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கதவைச் சாத்துங்க சார். வெளிச் சத்தம் உள்ள வருது."

மேலாளர் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.