ஒத்திகை பாக்குறவ

என் நாத்தனாரும் நானும் ஒரே ஸ்கேன் சென்டர்லதான் வேலை பாக்குறோம். நான் கவுன்ட்டர், அவ கம்ப்யூட்டர். அவளுக்கு நான் வச்ச பேரு 'ஒத்திகை'.

அன்னன்னைக்கு எடுத்த படங்களைச் சாயங்காலம் வெளியூர் சர்வருக்கு அனுப்புறது அவ பொறுப்பு. கறுப்புத் திரையில ஒரே ஒரு கட்டளை வரி. அதைத் தட்டினா, நம்ம டிஸ்க்குல என்ன இருக்கோ அதேதான் அங்கயும் இருக்கும். இங்க இல்லாதது அங்கயும் அழிஞ்சிடும். ஆனா மகாராணி நேரா அனுப்ப மாட்டா. எதையும் தொடாம, என்னென்ன நடக்கும்னு மட்டும் முதல்ல பட்டியல் போட வைப்பா. அதுதான் ஒத்திகை. அதை வரி வரியா படிப்பா. அப்புறம்தான் நிஜம். ஏழு வருஷமா அவளுக்காகக் காத்திருந்தே எத்தனை பஸ்ஸை விட்டிருப்பேன்.

போன வாரம் சென்டர் டிஸ்க் படுத்துடுச்சு. புதுசா ஒண்ணு மாட்டினாங்க, சுத்தமா காலி. அந்த நேரம் பாத்து ஒரு லாரி டிரைவர் மனைவியோட வந்து உக்காந்திருந்தார். நுரையீரல்ல சின்னக் கட்டி. போன வருஷப் படத்தோட ஒப்பிட்டாதான் ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்ல முடியும். அந்தப் படம் இப்ப சர்வர்ல மட்டும்தான் இருக்கு, அங்கிருந்து இங்க இறக்கணும்.

மேனேஜருக்கு இருப்புக் கொள்ளல. "தினமும் போடுற கட்டளைதானே, தட்டி விடும்மா."

"ஒத்திகை பாத்துக்கிறேன் சார்."

"இப்பவா? வெளிய ஆள் தவிச்சுக்கிட்டு இருக்காரு."

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "சட்டுபுட்டுன்னு முடியேன்"னு எரிஞ்சு விழுந்தேன். அவ காதுலயே போட்டுக்கல.

கைப் பழக்கத்துல அவளும் தினமும் அடிக்கிற வரியைத்தான் அடிச்சிருந்தா. ஒத்திகை ஓடுச்சு. திரை முழுக்க 'அழியும், அழியும்'னே வருது. காலி டிஸ்க்கைப் பாத்து சர்வரையும் காலி பண்ணக் கிளம்பிடுச்சு அந்தக் கட்டளை. பதினோரு வருஷப் படங்கள்.

அவ பதறல. எங்கிருந்து, எங்கேங்கிற ரெண்டையும் மாத்திப் போட்டா, அழிக்கிற உத்தரவை எடுத்துட்டா. திரும்பவும் ஒத்திகை. இந்தத் தடவை யாரும் அவளை அவசரப்படுத்தல. பட்டியலைக் கடைசி வரைக்கும் படிச்சுட்டு, டிரைவரோட படத்தை முதல்ல இறக்கினா.

டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு வெளிய வந்தார். "ஒரு வருஷத்துல துளிகூட வளரல. கத்தி வைக்க வேண்டாம்."

டிரைவரோட மனைவி என் கவுன்ட்டர்ல சாஞ்சு அழுதாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பழைய படத்தைத் தேடி எடுத்தது யாருங்க?"ன்னு கேட்டாங்க.

"உள்ள உக்காந்திருக்காளே, எங்க வீட்டுப் பொண்ணு"ன்னேன். அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் கேட்கணும்னே கொஞ்சம் சத்தமா சொன்னேன்.